வீட்டுப் பழமரங்களில் புகை, சாம்பல் பாதிப்பு: பொங்கலூர் வட்டாரம்

திருப்பூர் மாவட்டத்தில், கோவை–திருச்சி நெடுஞ்சாலையில் பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் இடையே அமைந்த பொங்கலூர் சமவெளி ஊராதலால், 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியிலும் 2023 ஏப்ரலில் கோவை ஆலாந்துறைப் பக்கத்து மலையிலும் பற்றியதைப் போன்ற காட்டுத்தீயை அறியாதது. அங்கு வீட்டு மா, கொய்யா, எலுமிச்சை, சப்போட்டா மரங்களின்மீது படிவன தென்னை மட்டையையும் ஓலையையும் எரிக்கும் புகை, தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்கும் இடங்களின் கரித்தூள், பனியன் தொழிலைச் சார்ந்த சாயப்பட்டறைகளில் விறகு எரியும் கொதிகலன்களின் சாம்பல் ஆகியவையே. காட்டுத்தீயின் புகை சில நாட்களில் கலைந்துவிட, இவை சிறிய அளவிலேனும் திரும்பத் திரும்ப வந்து படிவதால், மரத்தின் நலனைப் பொறுத்தவரை இவற்றையே கூடுதலாகக் கருத வேண்டும்.

இலையில் படியும் கரித்தூள் ஒளியை மறைத்து, காற்று சென்றுவரும் நுண்ணிய இலைத்துளைகளையும் அடைப்பதால் ஒளிச்சேர்க்கை குன்றுகிறது. தூசு படிந்த இலைகளில் சிலந்திப் பேன்கள் பெருகுவதும் உண்டு. அவற்றைத் தின்னும் பூச்சிகளுக்குத் தூசு இடையூறாகிறது. புதுச் சாம்பல் பனியில் இலேசாக நனைந்தால் காரநீராகித் தளிரைக் கருக்கக்கூடும் என்பதால், சற்றே தெளிப்பதைவிட நீரைத் தாராளமாகப் பீய்ச்சிக் கழுவுவதே தகும்.

புகையிலுள்ள வாயுக்களால் விளையும் கேட்டுக்கு மாங்காயின் ‘கருநுனி’ தெளிவான சான்று. பீகாரில் 1909இல் பதிவான இக்குறைபாட்டில், செங்கல் சூளைக்கு அருகிலுள்ள மரங்களின் காய் நுனி கறுத்து, தட்டையாகிக் கெட்டிப்படுகிறது. கிருமி எதுவுமின்றி, சூளைப் புகையின் கந்தக டைஆக்சைடு, எத்திலீன் முதலிய வாயுக்களால் இது நேர்கிறது. வெண்காரக் கரைசலைத் தெளித்து இதைக் குறைக்கின்றனர். அதே எத்திலீன், பழத்தைப் பழுக்கவைக்கும் வாயு, பூப்பையும் தூண்டவல்லது என்பது வியக்கத்தக்கது: பிலிப்பைன்ஸ் உழவர்கள் மாமரத்தடியில் நாள்கணக்கில் மூட்டம் போட்டுப் பூக்கவைத்து வந்தனர்.

சாம்பல் எங்கும் நல்ல உரம் என்ற நம்பிக்கை கொங்கு மண்ணில் அப்படியே பொருந்துவதில்லை. விறகுச் சாம்பலில் சாம்பல்சத்து எனப்படும் பொட்டாசியத்தைவிடச் சுண்ணாம்பே மிகுதி. புளிப்பு மண்ணை அது திருத்துமேயன்றி, சுக்கான் கல் கலந்து ஏற்கெனவே காரமாயுள்ள நிலத்தில் தொடர்ந்து கொட்டப்படும்போது, இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாமல் போகின்றன. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இரும்புக் குறைவின் அடையாளம். எலுமிச்சை வகைகளில் இது எளிதில் தென்படும். இத்தகைய மரத்தடியில் சாம்பலைத் தவிர்த்து, மட்கிய தொழுவுரமிடுவது பொருத்தம்.

விறகுச் சாம்பலுக்குச் சொன்ன எதுவும் குப்பைச் சாம்பலுக்குப் பொருந்தாது. பாலியெஸ்டர் கலந்த துணிக்கழிவு, சாயமேற்றிய துண்டுகள், நெகிழிப் பைகள் ஆகியவை எரிந்த சாம்பலில் கன உலோகங்கள் தங்கக்கூடும். குளோரின் அடங்கிய நெகிழி எரிகையில் டையாக்சின் என்னும் நஞ்சும் உருவாகிறது. அச்சாம்பல் பழமரத்தடியில் இடத்தக்கதன்று. அது படிந்த கொய்யாவை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவியபின் தோலையும் சீவிவிடுவது பாதுகாப்பானது.