பார்டர் கடை

போன சாரல் சீசனில் பேரனைப் பிரானூர் பார்டர் ரஹ்மத் கடைக்குக் கூட்டிப் போயிருந்தேன். இலஞ்சியிலிருந்து பக்கம்தான். புரோட்டாவை இலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி நன்றாக ஊறவிட்டு, நாட்டுக்கோழியோடு சாப்பிட வேண்டும். (டாக்டர் சொன்னது இரண்டு, நான் சாப்பிட்டது மூன்று.)

"தாத்தா, கேரளா பார்டர் புளியரைக்கு அங்கிட்டுல்லா இருக்கு? இதை ஏன் பார்டர்ங்காங்க?" என்று கேட்டான்.

நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்ச் சீமை. அதன் எல்லை இங்கேதான் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது செங்கோட்டை நம்மோடு சேர்ந்தது. எல்லை மலைக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

என் அம்மா செங்கோட்டையில் பிறந்தவள். மூன்று மைல் தள்ளி இலஞ்சியில் வாழ்க்கைப்பட்டாள். அதற்கே ஆச்சி கடைசிவரை "மலையாளத்துக்காரி" என்றுதான் கூப்பிட்டாள். அம்மாவுக்கோ மலையாளத்தில் ஒரு வார்த்தை தெரியாது! அவள் பெட்டியில் திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு கொஞ்சம் வைத்திருந்தாள். சின்னப் பிள்ளைகளாக நாங்கள் எடுத்து விளையாடித் தொலைத்தோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"ஒரு காசாவது மிச்சம் இருக்கா தாத்தா?" என்றான் பேரன்.

இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.