பங்காரு வாய்க்கால்

சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்கு, வாய்க்கால் கரையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தேன். புதுச்சேரி எல்லையை எங்கே கடந்தேன் என்று தெரியவில்லை. பெண்ணையாற்றுத் தண்ணீருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

பங்காரு, சிங்காரு என்ற தாசி சகோதரிகள் தம் பொருளைப் போட்டு வெட்டிய வாய்க்கால்கள் என்பது ஊர்ப் பேச்சு. பாகூருக்கு எழுத்துச் சாசனமும் உண்டு. 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கனின் 8ஆம் ஆட்சியாண்டில், இவ்வூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் அளித்ததைச் சொல்லும் செப்பேடுகள். 1879இல் கிடைத்தவை, பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்விட்டன.

வவுச்சர் இல்லாமல் லெட்ஜரில் வரவு வைக்காத உத்தியோகம் எனக்கு. சரித்திரத்திலும் அப்படியே, செப்பேட்டைப் படித்தேன், தாசிக் கதையை ஒதுக்கினேன். நடக்கும்போது அது சரியாகப்படவில்லை. தாசி என்பதை வசையாக்கிவிட்ட ஊர்கள் இவை. பொய் கட்டுகிறவன் ஒரு ராஜாவையோ மிராசுதாரையோ அல்லவா பிடித்திருப்பான்? முத்திரைப்பாளையம் குளத்தை வெட்டிய ஆயியும் தாசிதான் என்கிறார்கள். ஒரு கதையைப் பார்த்து மற்றது பிறந்திருக்கலாம். இருந்தாலும் இரண்டிலும் தண்ணீர் பெண் கணக்கிலேயே வரவாகியிருக்கிறது.

கரை இரண்டாகப் பிரிந்த இடத்தில், மாடு ஓட்டிவந்தவரிடம் பாகூருக்கு வழி கேட்டேன்.

“பங்காருவோடயே போங்க. ஏரியில கொண்டு விட்டுடும்.”