மாசித் தேரும் மன்னார்ப் பாதையும்

மாசி மகத் திருவிழாவின்போது மாத்தளை நகர வீதிகளிலே ஐந்து தேர்கள் உலா வருகின்றன. முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரத பவனி அது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் குழந்தை குட்டிகளுடன் வந்து வடம் பிடிக்கின்றன. அம்மனை வழிபடச் சிங்கள மக்களும் வருகிறார்கள். இதனைப் பக்தியின் கோலம் என்று மட்டும் கண்டு செல்வோர் உண்டு. ஆனால் சரித்திரம் பயில்வோன் ஒரு கேள்வியை எழுப்பாமல் இருக்க முடியாது. தென்னிந்தியக் கிராமத்து எல்லையில் இருந்த மாரி, கண்டிச் சீமையின் இந்த மலைக்கு எந்த வழியாக வந்தாள்? யாருடைய கால்களால் நடந்து வந்தாள்?

விடை கோப்பியிலிருந்து தொடங்குகிறது. 1815இல் கண்டி இராச்சியம் பிரிட்டிஷார் கைக்கு மாறியது. தென்னிந்தியத் தொழிலாளரின் வருகை 1823இல் தொடங்கியதாக மலையக மக்கள் கணக்கிடுகின்றனர். 1824இல் கம்பளைக்கு அருகே சின்னபிட்டியவில் ஜார்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் கோப்பித் தோட்டம் அமைத்தார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடியரசின் சொத்தாக்கிற்று. கண்டியக் குடியானவனுக்குப் பரம்பரை அனுபவம் இருந்தது; பத்திரம் இருக்கவில்லை. அவன் இழந்த நிலம் தோட்டத் துரைமாருக்கு மலிவு விலையில் விற்கப்பட்டது. நில இழப்போடு புதிய வரிகளின் சுமையும் சேர, 1848 ஜூலையில் இதே மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. அதன் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு, அவ்வாண்டு ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சிங்களக் குடியானவனின் காணியைப் பறித்த கையும், தமிழ்நாட்டின் பஞ்சத்திலும் கடனிலும் சாதிக் கொடுமையிலும் உழன்ற ஏழையைப் படகேற்றிய கையும் ஒன்றே. இந்த உண்மையை மறைத்து, வந்தவன்தான் நிலத்தைக் கவர்ந்தான் என்று பிற்காலத்தில் சொல்லப்பட்ட கதையிலிருந்தே நம் நாட்டின் பல துயரங்கள் கிளைத்தன.

மன்னார்க் கரையில் இறங்கிய அம்மக்கள் காட்டுவழியே தெற்கு நோக்கி நடந்தார்கள். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று நீண்ட வடபாதை மாத்தளையில் மலைநாட்டைத் தொட்டது. அவ்வகையில் மாத்தளை அவர்களுக்குத் தலைவாசல். கொலராவும் அம்மையும் காய்ச்சலும் வழியெங்கும் உயிர்களைக் கொண்டன. இறந்தவர்க்கு நடுகல் இல்லை; பெயர் எழுதிய ஏடும் இல்லை. அம்மை நோய்க்கும் மழைக்கும் உரிய தெய்வத்தை அவர்கள் உடன் கொணர்ந்தது ஏன் என்பது இப்போது விளங்கும். மருத்துவமனை இல்லாத பாதையிலே மாரியே மருத்துவச்சி.

மாத்தளைக் கோயிலும் மரத்தடியில் வைத்து வணங்கப்பட்ட ஒரு சிறு சிலையிலிருந்து வளர்ந்ததேயாகும். 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பொருளுதவியுடன் அது கட்டடமாயிற்று. பணம் வணிகருடையது, ஆனால் அதற்கு முன்பே அந்த மரத்தடியில் நின்று கைகூப்பியவர்கள் சாமானியர்கள்.

விழாக்கள் தோட்டங்களில் வேரூன்றியதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. கோப்பி பருவப் பயிர். அறுவடைக்கு வந்தோரில் பெரும்பாலோர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. ஆகவே பெண்களும் குழந்தைகளும் அடங்கிய குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. குடும்பம் நிலைத்த இடத்தில் தெய்வமும் நிலைத்தது. கரகமும் காவடியும் மாவிளக்கும் தீமிதியும் தோட்டத்தின் ஆண்டுக் கணக்கில் இடம்பெற்றன.

ஆயினும் இவ்விழாக்களை வெறும் மகிழ்ச்சிச் சித்திரமாகத் தீட்டுவது உண்மைக்கு இழைக்கும் துரோகமாகும். விழா நாளுக்குத் துரையின் அனுமதி வேண்டும். செலவுக்குரிய சந்தா தொழிலாளியின் சம்பளத்திலே பிடிக்கப்படும். முதல் மரியாதையோ பெரிய கங்காணிக்கு! ஆளைக் கடனில் கட்டி, 'துண்டு' என்னும் சீட்டினால் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்படும் வரை, தொழிலாளியின் கழுத்தில் கயிற்றைப் பிடித்திருந்தவர்களுள் அந்தக் கங்காணியும் ஒருவர். கோயில் வாசலிலும் சாதி தன் வரிசையைக் காத்தது. வைகறையில் வேலைக்கு எழுப்பும் பெரட்டுத் தப்பை அடித்தவனே திருவிழாவிலும் தப்படித்தான். அவன் இன்றி விழா இல்லை. அவனுக்கு விழாவில் மரியாதையும் இல்லை.

இவற்றுக்கிடையே மக்கள் தங்களுக்கென்று காத்துக்கொண்ட கலை காமன் கூத்து. மாசி மாதத்து வளர்பிறையில் கம்பம் நட்டு, சிவனின் நெற்றிக்கண்ணால் எரிபட்ட மன்மதனையும், கணவனை இழந்து புலம்பும் ரதியையும் தொழிலாளர்களே வேடமிட்டு ஆடுகின்றனர். பகலெல்லாம் மலையேறிய கால்கள் இரவிலே சதங்கை கட்டுகின்றன. காட்டுப்பாதையில் உறவினரை விட்டுவிட்டு வந்த ஒரு சமூகம் ரதியின் ஒப்பாரியிலே தன் குரலைக் கேட்டிருக்கும் என்று கருதுவது மிகையன்று.

புலம்பெயர்ந்தோரின் மரபு விழா எதைக் குறிக்கிறது என்பதை அறிய, ஏறத்தாழ அதே ஆண்டுகளில் வேறொரு கடலைக் கடந்த மக்களுடன் ஒப்பிடலாம். 1825 ஜூலை 4ஆம் நாள், நோர்வேயின் ஸ்டவாங்கரிலிருந்து 'ரெஸ்டவ்ரேஷன்' என்ற சிறு பாய்க்கப்பல் 52 பேருடன் அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. அவர்களும் ஏழைகளே. ஆனால் அவர்கள் வழியே பின்சென்ற பல்லாயிரவர்க்கு 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம் குடும்பத்துக்கு 160 ஏக்கர் வரை பெறும் வாய்ப்பை அளித்தது. குடியுரிமையும் வாக்கும் கிட்டின. 1925இல் மினசோட்டாவில் நடந்த நூற்றாண்டு விழாவிலே ஜனாதிபதி கூலிட்ஜ் நேரில் வந்து உரையாற்றினார். அயோவா மாநிலத்தின் டெக்கோரா என்ற சிற்றூரில் 1967 முதல் நோர்டிக் விழா நடைபெற்று வருகிறது. பாட்டனார் நாட்டு உடை, நடனம், உணவு எல்லாம் அங்கே காட்சிக்கு வருகின்றன. அதே அயோவாவில் 1918இல் ஆங்கிலமல்லாத மொழிகளைப் பொது இடங்களிலும் வழிபாட்டிலும் ஆளுநர் தடைசெய்திருந்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது. அவர்கள் பெற்ற நிலமும் செவ்விந்தியரிடமிருந்து பறிக்கப்பட்டதே. 1862இல் போரிட்டுத் தோற்ற டக்கோட்டா மக்கள் மினசோட்டாவிலிருந்தே விரட்டப்பட்டனர்.

காணி பெற்றவனுக்கு மரபு விழா ஓர் அலங்காரம். மூதாதையரின் துன்பம் இனிய கதையாகிவிடுகிறது. காணி பெறாதவனுக்கோ அதே விழா ஒரு வழக்கு. 'நாங்கள் இந்த மண்ணுக்கு உரியவர்கள்' என்று ஆண்டுதோறும் தாக்கல் செய்யப்படும் மனு.

அந்த வழக்கின் மறுபக்கத்தைப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைச் சரக்கைப் போலப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 150,000 பேரின் தலைவிதி பின்னொரு பேச்சுக்கு. பாட்டன் நடந்து வந்த திசையிலேயே பேரன் ரயிலேறித் தலைமன்னாருக்குத் திரும்பினான். 1983 ஜூலை வன்முறையில் மாத்தளை நகரிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. நாடற்றிருந்தோரின் எஞ்சிய பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே முடிவு கட்ட முனைந்தது.

இந்நிலையில் 2023இல், வருகையின் இருநூறாம் ஆண்டை மலையக மக்கள் நினைவுகூர்ந்த முறை கருத்தூன்றி நோக்கத்தக்கது. அவர்கள் ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, முன்னோர் நடந்த திசையிலேயே நடந்து, ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தனர். காணி, வீடு, நியாயமான கூலி, சம குடியுரிமை ஆகிய கோரிக்கைகளே அவர்கள் சுமந்த காவடி. வழியிலிருந்த சிங்கள, முஸ்லிம் மக்களோடும் அவர்கள் உரையாடினர். புரன் அப்புவின் மண்ணிலே அந்நடை முடிவுற்றது பொருள் பொதிந்த நிகழ்ச்சி. ஒரே கையால் வஞ்சிக்கப்பட்ட இரு மக்களின் வரலாறுகள் அங்கே சந்தித்தன.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்ய வேண்டிய பணி ஒன்றுண்டு. தேரின் உயரத்தை அளந்து எழுதுவோர் பலர். வடம் பிடித்த கைகளின் கதை இன்னும் லயத்து முதியோரின் நாவிலேதான் இருக்கிறது. அந்த நாவுகள் ஓய்வதற்குள் அதனை எழுதி வைப்போம். தப்படித்தவனின் பெயரும், வழியில் வீழ்ந்தவளின் நினைவும், கூத்தாடிய தொழிலாளியின் பாட்டும் அந்த ஏட்டில் இடம்பெறட்டும். வடம் பிடித்தவனின் பெயரில் ஒரு துண்டுக் காணிக்கேனும் உறுதி எழுதப்படும் நாளில்தான் மாசித் தேர் உண்மையிலே நிலைக்கு வந்து சேரும்.