ஒரு பெயர், இரு நாணயம்

மலாயாத் தமிழர் தம் பணத்துக்கு இட்ட பெயர் வெள்ளி. உலோகத்தின் பெயரே நாணயத்துக்கு ஆகிவந்தது.

ஜொகூர் மாநிலத்துப் பெக்கோக், சிங்கப்பூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த சிற்றூர். அதன் சுற்றுவட்ட ரப்பர்த் தோட்டங்களில் பெற்ற கூலி, ஒரு காலத்தில் சிங்கப்பூர்க் கடைகளிலும் மாற்றமின்றிச் செல்லுபடியாயிற்று. 1938இல் அமைந்த நாணய ஆணையர் வாரியம் இரு நிலத்துக்கும் பொதுவான நாணயத்தை வெளியிட்டதே காரணம்.

1965இல் சிங்கப்பூர் மலேசியாவினின்று பிரிந்தது. எனினும் நாணய உறவு உடனே அறுந்துவிடவில்லை. 1967 ஜூன் 12இல் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்றும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. ஆயினும் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளும் உடன்பாடு அவற்றிடையே நிலவிற்று. 1973 மே 8இல் மலேசியா அதனை முடித்துக்கொண்டது. சிங்கப்பூரும் புருணையும் இன்றும் அதனைக் காத்து வருகின்றன.

அதன்பின் சிங்கப்பூர் செல்வோர்க்கு நாணய மாற்றுக்கடை இன்றியமையாததாயிற்று. தொடக்கத்தில் மதிப்பு வேறுபாடு சிறிதே; பின்னர் வளர்ந்தது. 2011இல் மூடப்பட்ட தஞ்சோங் பகார் நிலையத்தில் மலேசிய ரயிலேறியோர், மலேசியர் ரிங்கிட்டில் கொடுத்த அதே எண்ணைப் பல்லாண்டுகள் சிங்கப்பூர் வெள்ளியில் கொடுத்தனர். எண் ஒன்றே, விலை வேறு.

இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேற்பட்டது. அதனை நாடியே ஜொகூர் மக்கள் பல்லாயிரவர் நாள்தோறும் கடற்பாலம் கடக்கின்றனர். தமிழிலோ இரண்டும் வெள்ளியே. ஆகவே, பழைய கணக்கேட்டைப் படிப்போர் 'வெள்ளி' என்னும் சொல்லைக் கண்டதும் ஆண்டையும் நோக்குதல் வேண்டும். 1973க்கு முன் அச்சொல்லுக்குப் பொருள் ஒன்று, பின்னர் இரண்டு.