கால்ஷாட் மிதவை விமான விபத்து (1931)

1931 ஆகஸ்ட் 18 அன்று இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள கால்ஷாட் கடல் விமானத் தளத்தில், பயிற்சிக்காகக் கிளம்பிய சூப்பர்மரீன் எஸ்.6ஏ மிதவை விமானம் (எண் என்247) நீரிலிருந்து எழும் கட்டத்திலேயே விபத்துக்குள்ளாகி அழிந்தது. அதை ஓட்டிய பிரிட்டிஷ் கடற்படை லெப்டினன்ட் ஜி. எல். பிரிண்டன் உயிரிழந்தார். கடல் விமானங்களுக்கான ஷ்னைடர் கோப்பை வேகப் போட்டிக்கு அப்போது நான்கு வாரங்கூட இல்லை.

ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்று முறை வெல்லும் நாடு ஷ்னைடர் கோப்பையை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். 1927, 1929 ஆகிய இரு போட்டிகளையும் வென்றிருந்த பிரிட்டனுக்கு இன்னும் ஒரு வெற்றியே தேவைப்பட்டது. அரசு பணம் தர மறுத்தபோது லூசி ஹூஸ்டன் சீமாட்டி 1,00,000 பவுண்டு கொடுத்து அணியைக் காப்பாற்றினார். ஆர்லிபார் தலைமையில் விமானப்படையின் அதிவேகப் பிரிவு கால்ஷாட்டில் பயிற்சி எடுத்தது. விபத்தில் அழிந்த என்247, 1929இல் பிரிட்டிஷ் விமானி வாக்ஹார்ன் மணிக்கு 328 மைல் வேகத்தில் பறந்து கோப்பை வென்ற அதே விமானம். 1931 போட்டிக்காக மாற்றியமைக்கப்பட்டிருந்தது.

இத்தகைய விமானத்தில் மிகக் கடினமான வேலை அதை நீரிலிருந்து கிளப்புவதுதான். இருக்கை ஒன்றே ஒன்று; ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வழியில்லை. வேகம் குறைந்த விமானங்களில் எவ்வளவு பழகியிருந்தாலும், இதன் முதல் ஓட்டத்தை விமானி தனியாகத்தான் சந்திக்க வேண்டும். புரொப்பெல்லரின் இதழ்கள் உச்ச வேகத்துக்கென்றே திருத்தப்பட்டு அசையாமல் நின்றதால், தொடக்கத்தில் இழுவிசை போதாது, ஓட்டம் நீளும். ரோல்ஸ்-ராய்ஸ் ‘ஆர்’ எஞ்சினின் முறுக்குவிசை இடப்பக்க மிதவையை நீருக்குள் அழுத்தி, விமானத்தை இடப்புறம் திருப்பும். அதை ஈடுகட்ட வலப்பக்க மிதவையில் கூடுதல் எரிபொருள் நிரப்பினார்கள். அப்படியும் தெறிக்கும் நீர்த்திவலை விமானியின் பார்வையை மறைத்துவிடும்.

மிதவையின் அடிப்பகுதியில் ஒரு படி உண்டு. வேகம் கூடும்போது மிதவை தானே கிளப்பிய அலையின் மேல் ஏறி, அந்தப் படியின் மீது வழுக்கி ஓட வேண்டும். அந்த நேரத்தில் மூக்கின் சாய்வு சற்றுப் பிசகினாலும் ஓங்கில் துள்ளுவதுபோல விமானம் துள்ளத் தொடங்கும். போதிய வேகம் வருமுன் நீரைவிட்டு எழும்பினால் இறக்கைகளால் எடையைத் தாங்க முடியாது. விழும், மோதும், முன்னைவிட உயரமாகத் துள்ளும். மூக்கு எழும்பியதும் கட்டுப்பாட்டுத் தண்டை முன்னே தள்ளுவது மனிதக் கையின் இயல்பு. ஆனால் அந்தத் திருத்தம் தாமதமாக வந்து அடுத்த மோதலைக் கடுமையாக்கிவிடுகிறது. தண்டை நிலையாகப் பிடித்துக்கொண்டு எஞ்சினைத் தணிப்பதே தப்பும் வழி. பிரிண்டனின் விமானம் உரிய வேகம் வருமுன் எழும்பி, மீண்டும் நீரில் மோதித் துள்ளி, கடலுக்குள் பாய்ந்தது. இந்த அனுபவமெல்லாம் ஒருவருக்குச் சில வினாடிகளில் கைவர வேண்டியிருந்தது என்பதை மறந்து அவரது திறமையை எடைபோடுவது நியாயமாகாது.

அதே மாதம் 2ஆம் தேதி இத்தாலிய விமானி மோன்டி, கார்டா ஏரியில் பயிற்சியின்போது இறந்திருந்தார். இத்தாலியும் பிரான்சும் போட்டியைத் தள்ளிவைக்கக் கேட்டும் பிரிட்டன் இணங்கவில்லை. செப்டம்பர் 13 அன்று போட்டியாளரே இல்லாமல் பிரிட்டிஷ் விமானி பூத்மன் எஸ்.6பி விமானத்தில் மணிக்கு 340 மைல் வேகத்தில் பறந்து கோப்பையைப் பிரிட்டனுக்கு நிரந்தரமாக்கினார். என்247இன் இணை விமானமான என்248 இன்று சவுத்தாம்ப்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.