குருதியின் குறியும் மலையகத் தாயும்

சூல்கொண்ட தாய்க்குத் தலைவலி மிகுந்து, கண் மங்கி, இறுதியில் வலிப்புத் தோன்றுமாயின், அதனைச் சன்னி என அஞ்சினர் நம் முன்னோர். இக்கால மருத்துவர் சூல்வலிப்பு என்பர். அதற்கு முன்னோடியாய், பெரும்பாலும் 20 வாரங்களுக்குப் பின், குருதியமுக்கத்தை உயர்த்தும் நிலையே முன்சூல்வலிப்பாகும்.

இந்நோயை அறியும் வழிகள் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. 1843இல் இலண்டன் மருத்துவர் லீவர், வலிப்புற்ற தாயரின் சிறுநீரிற் புரதம் இருத்தலைக் கண்டார். 1893இல் ஜெர்மானியரான சுமோல், இந்நோயால் மாண்டோரின் நுண்குழாய்களிற் குருதி உறைந்திருக்கக் கண்டார். 1896இல் இத்தாலியரான ரிவா ரொச்சி குருதியமுக்கமானியை அமைத்தார். 1954இல் அமெரிக்க மருத்துவர் பிரிச்சாட்டும் குழுவினரும் கடும் நோயாளரிடம் உறைதற் குறைபாடுகளை ஆராய்ந்தனர். நோய் உறைதலோடு தொடர்புடையதாயின், உறைதற் சோதனையால் அதனை முன்னரே உணரலாகாதோ என்னும் வினா இவற்றினின்று எழுந்தது.

அவ்வினாவுக்கு முழுமையான விடை கிட்டவில்லை. பேற்றின்போது குருதி மிகுதியாக இழக்கப்படாவாறு, நலமுள்ள கர்ப்பிணியின் குருதியும் இயல்பாகவே விரைந்துறையும் தன்மை பெறுகின்றது. ஆதலின் நலத்தையும் நோயையும் பிரிக்கும் எல்லை தெளிவாய்ப் புலப்படுவதில்லை. குருதிச் சிறுதட்டுக்கள் குறைவதும் பலரிடம் நோய் தொடங்கிய பின்னரேயாம். எனவே இச்சோதனைகள் நோயின் கடுமையை அளக்கப் பெரிதும் உதவுவன. வருமுன் உரைத்தற்குத் தனித்துப் போதா.

இவ்வுண்மை ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளுக்கு மிகவும் பொருந்தும். சிறுதட்டுக்களை எண்ண ஆய்வுகூடம் வேண்டும். அமுக்கமானியையும் சிறுநீர்ச் சோதனைப் பொருளையுமோ மருத்துவிச்சி தன் பையிலே கொண்டு, மலைச்சரிவிலுள்ள லயன்களுக்கே செல்லலாம். கோப்பிக் காலமாகிய 1872இலேயே தோட்டத் தொழிலாளருக்காக வைத்தியத் தேவைகள் சட்டம் பிறந்தது. 1939இல் மகப்பேற்று நன்மைச் சட்டம் வந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 2017இல் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் புதிய மருத்துவமனைக் கட்டடம் திறக்கப்பட்டது. ஆயினும் சட்டமும் கட்டடமும் மட்டுமே லயனுக்கும் மருத்துவமனைக்கும் இடையிலுள்ள வழியைக் குறுக்கிவிடா.

இன்று அவ்வழியின் அருமை முன்னினும் பெரிது. சிறுதட்டுக்கள் ஒட்டுதலைத் தடுக்கும் அஸ்பிரினைச் சிற்றளவில் வழங்கின், இந்நோய்க்கு இலக்காகக் கூடிய தாயர் பலரைக் காக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2011இல் இதனைப் பரிந்துரைத்தது. ஆனால் மருந்தைக் கருவுற்ற தொடக்க மாதங்களிலேயே, மருத்துவரின் அறிவுரைப்படி, தொடங்குதல் வேண்டும். கிளினிக்கிற்குச் செல்வதால் அன்றைய பேரை, அஃதாவது நாட்கூலியை, இழக்க நேருமாயின், கொழுந்து பறிக்கும் பெண் எங்ஙனம் காலத்தே செல்வாள்? குருதியின் குறியை அறிவியல் கண்டது. அவள் கூலி குறையாமல் உரிய காலத்திற் சென்று சேர வழிசெய்தல் சமுதாயத்தின் கடனாகும்.