மனாப்போரி: உயர்த்தப்படாத ஏரி

நியூசிலாந்தின் தென்தீவில், தென்மேற்கு மூலையில், ஃபியோர்ட்லாந்து மலைகளுக்கிடையே மனாப்போரி ஏரி அமைந்துள்ளது. பனியூழிக் காலத்தில் மலைகளினின்று இறங்கிய பனியாறுகள் பாறையைக் குடைந்து உண்டாக்கிய பள்ளமே இவ்வேரி. இதன் ஆழம் 444 மீட்டர். நீர்ப்பரப்போ கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 178 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே, ஏரியின் அடித்தளம் கடல்மட்டத்திற்கும் கீழே கிடக்கின்றது.

இவ்வுயரமே பொறியியலாரின் கருத்தைக் கவர்ந்தது. ஏரியின் மேற்குக் கோடியிலிருந்து மலையைக் குடைந்தால் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் கடல். ஏரிநீரைச் செங்குத்தாக வீழ்த்திச் சுழலிகளை இயக்கலாம். பின்னர்ச் சுரங்கவழியே கடலிற் கலக்கவிடலாம். 1960ஆம் ஆண்டு, அலுமினிய உருக்காலை ஒன்றிற்கு மின்சாரம் வழங்கும் பொருட்டு அரசாங்கம் ஒரு நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்படி ஏரியின் நீர்மட்டத்தை 30 மீட்டர்வரை உயர்த்த இடமிருந்தது.

1964இல் வேலை தொடங்கிற்று. நிலத்தடியில் பாறையைக் குடைந்து மின்னிலையம் எழுப்பினர். அப்பணியில் 16 தொழிலாளர் உயிர்நீத்தனர். 1969இல் முதன்முதலாக மின்சாரம் பிறந்தது.

ஆயினும், ஏரியை உயர்த்தும் திட்டத்தை மக்கள் ஏற்கவில்லை. நீர்மட்டம் உயர்ந்தால் கரையோரக் காடுகளும் மணற்கரைகளும் தீவுகளும் மூழ்கும். பட்டுப்போன மரங்களே எஞ்சும் என அறிவியலாளர் எடுத்துரைத்தனர். தேசியப் பூங்காவினுள் இருக்கும் ஏரி ஓர் ஆலைக்காக உருமாறுவதா என்னும் வினா நாடெங்கும் எழுந்தது. 1970ஆம் ஆண்டு நாடாளுமன்றத்திற்கு அளிக்கப்பட்ட விண்ணப்பத்தில் 2,64,907 பேர் கையொப்பமிட்டிருந்தனர். அந்நாட்டின் அன்றைய மக்கள் தொகையோ ஏறத்தாழ 28 இலட்சமே! பத்தில் ஒரு பங்கினர் என்று சொல்லத்தக்க அளவில் மக்கள் ஓர் ஏரிக்காகக் குரலெழுப்பினர்.

1972ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இச்சிக்கலும் முன்னின்றது. ஏரியை உயர்த்துவதில்லை என வாக்களித்த தொழிற்கட்சி வென்றது. நார்மன் கெர்க் பிரதமரானார். 1973இல் ஏரிக் காவலர் குழு ஒன்றை அவரது அரசு நிறுவியது. இயற்கையாக ஏறி இறங்கும் எல்லைக்குள்ளேயே நீர்மட்டத்தை ஆள்வதற்குரிய நெறிகளை அக்குழுவினர் வகுத்தனர். பின்னர், 1981இல் அவற்றிற்குச் சட்டத்திலும் இடம் கிடைத்தது.

இதனால் மின்னாக்கம் நின்றுவிடவில்லை. முதற் சுரங்கவழியில் நீரோட்டம் எதிர்பார்த்ததினும் மிகுதியான தடைக்கு உட்பட்டது. அதனைப் போக்க இரண்டாவது சுரங்கவழி அமைக்கப்பட்டு, 2002இல் பயன்பாட்டிற்கு வந்தது. ஏரியை உயர்த்தாமலே மின்சாரம் பெருகிற்று! இன்றும் நியூசிலாந்தின் மிகப்பெரிய நீர்மின்னிலையம் இதுவே.

ஆக்கமும் காப்பும் ஒன்றற்கொன்று பகையாகவே நிற்கவேண்டும் என்பதில்லை. எவ்வளவு எடுப்பது, எங்கே நிறுத்துவது என்னும் வரையறையைக் குடிமக்களே கேட்டுப் பெற்றனர் என்பதே மனாப்போரியின் வரலாறு. மாணவர் உளங்கொள்ளத்தக்கது இது.